கண்ணாடிப் பெட்டியின் கதகதப்பு

ஹைடெடல், புளூம்ஃபொன்டெய்ன்
18 மே 2015

மொலேஃபி,

போனில் பேசினால் திருச்சபைப் பெண் சொல்லக்கூடாத வார்த்தைகள் என் வாயில் வந்துவிடும். அதனால்தான் நேற்று நீ வார்டிலிருந்து கூப்பிட்டபோது உன் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டேன். எழுதினால் கொஞ்சம் நிதானம் இருக்கும் என்று நினைக்கிறேன். உங்கள் ஆஸ்பத்திரிக்குத் துணி வண்டி ஓட்டுகிற ஜப்பி அடுத்த தெருவில்தான் இருக்கிறான். இதை அவனிடம் கொடுக்கிறேன். பதிலையும் அவனிடமே கொடுத்தனுப்பு.

உன்னை ஆம்புலன்சில் ஏற்றிக்கொண்டு போனதிலிருந்து நீ வாடகைக்கு இருக்கிற பின்பக்கத்துப் பலகை அறை பூட்டித்தான் கிடக்கிறது. ஆனால் மின்சார மீட்டரில் நான் முன்கூட்டிக் காசு கட்டிப் போட்ட யூனிட் எல்லாம் கரைகிறது. வீட்டில் நான் ஒருத்தி. ஒரு கெட்டில், ஒரு விளக்கு, ஞாயிறன்று அடுப்பு. எனக்கு உடனே விஷயம் புரிந்துவிட்டது. நான்கு வருடமாகப் பலகைச் சுவர் வழியாக உன் குரலைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்: "தூங்கு லெசெடி, காலைல பாக்கலாம்." ஒற்றை ஆளுக்குத்தான் அறை என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். இருந்தாலும் குடிக்காத மனுஷன், சத்தம் போடாத மனுஷன், எவளோ ஒரு லெசெடி வந்து போகிறாள், போகட்டும் என்று கண்டுகொள்ளாமல் இருந்தேன். நீ போன பிறகும் அவள் உள்ளே ஹீட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்றால் அதைப் பொறுக்க முடியுமா? மாற்றுச் சாவியையும் அடுப்புக் கம்பியையும் எடுத்துக்கொண்டு போனேன்.

உள்ளே லெசெடி இருந்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள், ஆரஞ்சு நிறத்தில், என் கையை விட நீளமாக.

நான் கத்தியது மூன்று வீடு தள்ளிக் கேட்டதாம். அது தலையை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது. பாம்பைப் பற்றி ஆண்டவர் ஆதியாகமத்திலேயே சொல்லிவிட்டார், எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஆனால் பாம்பை விட வேறொன்றைப் பார்த்துத்தான் பயந்தேன். பெட்டிக்கு மேலே ஒரு சிவப்பு பல்பைக் கம்பியில் தொங்கவிட்டிருக்கிறாய். அதற்குப் பின்னால் பலகை கருகிப் பழுப்பாகியிருக்கிறது. மரத்தால் ஆன அறை, மொலேஃபி. அது பிடித்தால் என் வீடு, பக்கத்து வீட்டு ஆப்ரஹாம் வீடு, அந்தப் பக்கத்துக் குழந்தைகள் காப்பகம் எல்லாம் சேர்ந்து போகும். பிளக்கைப் பிடுங்கிவிட்டேன்.

மாதக் கடைசிக்குள் உன் ஆட்கள் யாராவது வந்து அதை எடுத்துக்கொண்டு போகட்டும். காப்பகத்து டீச்சர் ஒருத்தி அறை கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

ஹெஸ்டர் யாஃப்தா


ஆஸ்பத்திரி, நான்காம் வார்டு
21 மே

அன்புள்ள ஆன்ட்டி ஹெஸ்டர்,

பிளக்கைப் பிடுங்கியது சரி. பல்ப் என்னுடைய தப்பு. பழைய சூட்டுப் பாய் கெட்டுப்போய், புதியது வாங்கி வந்த அன்றுதான் ரத்தமாக இருமினேன். மாட்ட நேரமில்லை. நான்கு நாளைக்கு என்று தொங்கவிட்டது அப்படியே நின்றுவிட்டது.

லெசெடி பெண்தான், ஆனால் நீங்கள் நினைத்த பெண் இல்லை. முன்பு நான் காவல் காத்த வீட்டுக்காரர் நியூசிலாந்துக்குப் போனபோது பெட்டியோடு விட்டுவிட்டுப் போனார். "ஊருக்கு வெளியே வெல்ட் புல்வெளில கொண்டுபோய் விட்டுடு"ன்னு சொன்னார். அது ஜூன் மாதம், நடுக்குளிர். இது இந்த ஊர்ப் பாம்பு இல்லை, அமெரிக்காவில் சோளக்காட்டில் எலி பிடிக்கிற ஜாதி. விஷம் கிடையாது. கதகதப்பான இடமும் நேரத்துக்கு எலியும் கொடுத்து வளர்த்த ஒன்றை உறைபனியில் விடச் சொன்னால் எப்படி? தலையணை உறைக்குள் போட்டு யூனிஃபார்ம் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு மினிபஸ்ஸில் வந்தேன். பக்கத்து சீட்டுக்காரி என் தோளிலேயே தூங்கிக்கொண்டு வந்தாள்.

எடுத்துக்கொண்டு போக எனக்கு ஆள் இல்லை. தாபா ந்சூவில் என் அக்கா இருக்கிறாள். அது யாரோ ஏவி அனுப்பிய பாம்பு, அதுதான் என் நெஞ்சைத் தின்கிறது என்று சொல்கிறாள். ஆஸ்பத்திரிக்கு அவள் வராததற்குக் காரணமும் அதுதான்.

அதனால் உங்களிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது. என் கட்டிலுக்கு அடியில் பாலிதீன் உறையில் கறுப்பு நிறத்தில் மெல்லிய பாய் இருக்கிறது. அதோடு ஒரு சிறிய கட்டுப்பாட்டுப் பெட்டி. பாயைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க வேண்டாம், வெளியே, அடியில், ஒரு ஓரத்தில் மட்டும் வையுங்கள். கீழே இரண்டு பீங்கான் ஓடு போடுங்கள், மரம் சூட்டைப் பார்க்கவே கூடாது. பாயை நேராகச் சுவரில் செருகாமல் கட்டுப்பாட்டுப் பெட்டி வழியாகச் செருகுங்கள். அதன் அளவு இருபத்தெட்டில் இருக்கட்டும். பல்ப் குடிக்கிற மின்சாரத்தில் கால்வாசிகூட இது குடிக்காது. தண்ணீர்க் கிண்ணத்தை நிரப்ப மட்டும் பெட்டியைத் திறந்தால் போதும்.

முடியாது என்றால் சொல்லிவிடுங்கள். இங்கே ஒரு தாள் இருக்கிறது, டாக்டர் பேச்சை மீறிப் போகிறேன் என்று கையெழுத்துப் போட்டால் கதவைத் திறந்துவிடுவார்கள். போன வாரம் இரண்டு பேர் போனார்கள். நானும் அப்படி வந்து அதற்கு ஒரு வழி செய்துவிடுகிறேன்.

மொலேஃபி தாவு


ஹைடெடல்
1 ஜூன்

மொலேஃபி,

குழந்தைகளும் கிழவிகளும் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிற மினிபஸ்ஸில், மருந்துக்கு மசியாத காசநோயை வைத்துக்கொண்டு இருமிக்கொண்டே வருவாயா? ஒரு பாம்புக்காக? உனக்குப் புத்தி இருக்கிறதா என்று கேட்க நினைத்தேன். அப்புறம் அதே பாம்பின் பெட்டிக்கு அடியில் ஓடு போட்டுக்கொண்டு மண்டியிட்டிருந்தேன், ஆகவே என் புத்தியைப் பற்றியும் பேசுவதற்கில்லை.

பாய் போட்டாகிவிட்டது. கட்டுப்பாட்டுப் பெட்டியிலிருந்து வருகிற மெல்லிய வயரின் நுனி எங்கே போக வேண்டும் என்று நீ எழுதவில்லை, நானே கண்ணாடிப் பெட்டியின் மறுகோடியில் தொங்கவிட்டேன். குளிர் அடிக்கிற பக்கம் அதுதான், அங்கேதான் அளக்க வேண்டும் இல்லையா? அதோடு மேலே என் பெரிய கம்பளியையும் போர்த்திவிட்டேன். உன் லெசெடி நன்றாக இருக்கிறாள். சுத்தமானவளும்கூட. பகலெல்லாம் தண்ணீர்க் கிண்ணத்துக்குள்ளேயே சுருண்டு கிடக்கிறாள், குளித்துக்கொண்டே இருக்கிறாள்.

உன் கடிதத்தை வெயிலில் வைத்துவிட்டுத்தான் படிக்கிறேன். அதெல்லாம் தேவையே இல்லை, காகிதத்தில் கிருமி ஒட்டாது என்று நர்ஸ் சிரித்தாராம், ஜப்பி சொன்னான். இருந்தாலும் வைக்கிறேன்.

டீச்சரிடம் இன்னும் ஒரு மாதம் பொறு என்று சொல்லியிருக்கிறேன். ஒரு மாதம்தான்.

ஹெஸ்டர்


நான்காம் வார்டு
4 ஜூன்

அன்புள்ள ஆன்ட்டி,

இதைப் படித்ததும் முதலில் போய்க் கம்பளியை எடுங்கள், மீதியை அப்புறம் படிக்கலாம்.

எடுத்துவிட்டீர்களா? அவள் குளிக்கவில்லை. வேகிறாள். இந்த ஜாதி நாள் முழுக்கத் தண்ணீரில் கிடந்தால் தரை சுடுகிறது என்று அர்த்தம். தப்பு என்னுடையது, வயரைப் பற்றி எழுத மறந்தேன். அதன் நுனிதான் அந்தக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் விரல். நீங்கள் அதைக் குளிர்ந்த கோடியில் வைத்ததால் அது "இன்னும் சூடாகல, இன்னும் சூடாகல" என்று பாயை நிறுத்தவே இல்லை. நுனியைப் பாய்க்கு நேர் மேலே கண்ணாடியில் டேப் போட்டு ஒட்டுங்கள். நன்றாக ஒட்டுங்கள், தண்ணீரில் விழுந்தாலும் இதே கதைதான்.

அந்தக் கோடி குளிர்ந்துதான் இருக்க வேண்டும் ஆன்ட்டி. ஒரு பக்கம் இருபத்தெட்டு, மறுபக்கம் இருபத்திரண்டு, இருபத்திமூன்று. அவளுக்கே தெரியும் எப்போது எங்கே போக வேண்டும் என்று. மனிதர்களைப் போல உடம்புக்குள் அவளுக்கு அடுப்பு கிடையாது, நகர்ந்துதான் சரிசெய்துகொள்வாள். பெட்டி முழுக்க ஒரே சூடாக இருந்தால் போவதற்கு இடம் இல்லாமல் போய்விடும். என் அலமாரியில் சிறிய வெப்பமானி இருக்கிறது, கையை வைத்துப் பார்த்து நம்பாதீர்கள்.

கம்பளிக்குப் பதில் தெர்மாகோல் போடுங்கள். ஃபிரிட்ஜ் கடைக்குப் பின்னால் சும்மா கிடக்கும். மூன்று பக்கச் சுவருக்கும் வெளியிலிருந்து ஒட்டினால் போதும். மேலே காற்று போகிற இடத்தை மூட வேண்டாம், பாய்க்குப் பக்கத்திலும் வேண்டாம். அதன் பிறகு மீட்டரைப் பாருங்கள்.

இங்கே எல்லா ஜன்னலும் ராத்திரி பகல் திறந்தே இருக்கும். எங்கள் இருமல் உள்ளே தங்கக்கூடாது, காற்று அடித்துக்கொண்டு போக வேண்டும். என் கட்டில் ஜன்னலோரம். கண்ணுக்கு மலை தெரியும், நல்ல இடம்தான். ஊசியால் காதில் ஒரு ரீங்காரம் இருக்கிறது. சளியில் இன்னும் கிருமி தெரிகிறதாம்.

மொலேஃபி


ஹைடெடல்
19 ஜூன், வெள்ளி

மொலேஃபி,

உன் கடிதம் வந்த அன்றே தெர்மாகோலுக்குப் போனேன். கடைக்காரன் எதற்கு என்று கேட்டான். "வீட்ல ஒரு வயசுப் பொண்ணு இருக்கு, குளிர் தாங்காது"ன்னு சொன்னேன். சபையில் மூப்பராக இருக்கிறவனிடம் பொய் சொன்னது உன்னால்தான்.

நீ சொன்னபடியே எல்லாம் செய்தேன். இரண்டே நாளில் அவள் தண்ணீரை விட்டு வெளியே வந்துவிட்டாள். காலையில் சூடான பக்கம், மத்தியானம் குளிர்ந்த பக்கம். மீட்டரும் நிதானத்துக்கு வந்தது. சாயங்காலம் தையலை எடுத்துக்கொண்டு உன் அறையில் கொஞ்ச நேரம் உட்காருகிறேன். அவளிடம் பேசுகிறேன் என்று ஜப்பி சொன்னால் நம்பாதே. சபைக்குப் பாட்டு ஒத்திகை பார்க்கிறேன், அவ்வளவுதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை கோழியும் சோறும் சாப்பிட உட்கார்ந்தேன். எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. வளவுக்குள் ஒரு உயிர் பட்டினி கிடக்க ஞாயிற்றுக்கிழமைச் சோறு இறங்காது. உன் சின்ன ஃபிரிட்ஜில் ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்தேன். அதில் ஐஸ்கிரீம் இல்லை என்று நீ முன்னாலேயே எழுதியிருக்கலாம். கண்ணை மூடிக்கொண்டு இடுக்கியால் ஒரு எலியை எடுத்து, வெந்நீரில் போட்டு, உள்ளே நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். அழகாகத்தான் சாப்பிட்டாள். நேற்று இன்னொன்றும் கொடுத்தேன், கொடுக்காதே என்று நீ சொல்லவில்லையே, அவளும் கேட்பதுபோல் பார்த்தாள்.

நேற்று ராத்திரியே கேபிள் திருடர்கள் தெருவையே வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள். எங்கும் கரண்ட் இல்லை. நகராட்சியில் அடுத்த வாரம் என்கிறார்கள். என் போனும் செத்துவிட்டது. காலையில் முற்றத்துத் தண்ணீர் வாளி உறைந்திருந்தது. பெட்டிக்குள் பதினேழு, இன்னும் இறங்குகிறது. அவள் வயிற்றில் எலி முடிச்சாகத் தெரிகிறது, அசையாமல் கிடக்கிறாள்.

கவலைப்படாதே. இன்று இருட்டியதும் கொன்காவை உன் அறைக்குள் கொண்டுபோகப் போகிறேன். என் அப்பாவுடைய பழைய டின், ஆணியால் துளை போட்டது, கரி நன்றாகப் பிடிக்கும். கதவை அடைத்துவிட்டு நானும் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறேன்.

ஹெஸ்டர்


நான்காம் வார்டு
19 ஜூன், மத்தியானம்

ஆன்ட்டி ஹெஸ்டர்,

கொன்காவை உள்ளே கொண்டுபோகாதீர்கள். போயிருந்தால் இந்த நிமிஷமே வெளியே எடுங்கள், கதவைத் திறந்து போடுங்கள்.

வார்டு போனிலிருந்து கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்க்கிறேன், உங்கள் போன் உயிரோடு இல்லை. ஜப்பியின் வண்டி கிளம்பிப் போய்விட்டது. வேலை முடிந்து ஊருக்குப் போகிற ஒரு அம்மாவிடம் இதைக் கொடுக்கிறேன், அவள் வீடு உங்கள் பக்கம் இல்லை, காலையில்தான் கொண்டுவர முடியும் என்கிறாள். அதற்குள் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை. நின்றுகொண்டே எழுதுகிறேன்.

புகை அடங்கிக் கரி சிவந்த பிறகு உள்ளே வைத்தால் ஒன்றும் ஆகாது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். சிவந்த கரிதான் ஆளைக் கொல்லும். அதற்கு வாசனை கிடையாது. ஒரு வருடம் நான் காலை ஷிஃப்டுக்குப் போனபோது காவல் கொட்டகையின் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். என்னோடு வேலை பார்த்த இரண்டு பேர், நடுவில் கொன்கா, ஒருவன் தோளில் இன்னொருவன் சாய்ந்திருந்தான். தூங்குகிறார்கள் என்று நினைத்து ஜன்னலைத் தட்டிக்கொண்டே நின்றேன்.

பாம்பைக் காப்பாற்ற வேறு வழி உண்டு, எழுதுகிறேன். தலையணை உறைக்குள் அவளைப் போட்டு வாயை முடிச்சுப் போடுங்கள். மூடி உள்ள தெர்மாகோல் பெட்டியில் வைத்து, கேஸ் அடுப்பில் வெந்நீர் போட்டு பாட்டிலில் ஊற்றி, துண்டில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். பாட்டில் அவள் மேல் நேராகப் படக்கூடாது. ஆறினால் மாற்றுங்கள். வயிற்றில் இரையோடு குளிர்ந்தால் உள்ளேயே அழுகிவிடும், அதனால்தான் சூடு வேண்டும், குளிரால் மட்டும் அவள் சாகமாட்டாள்.

ஆனால் அதுவும் முடியவில்லை என்றால் விட்டுவிடுங்கள். சாகட்டும். என் கையால்தான் எழுதுகிறேன், லெசெடி சாகட்டும் ஆன்ட்டி. நீங்கள் உங்கள் வீட்டுக்குள் போய்ப் படுங்கள்.

மொலேஃபி


ஹைடெடல்
21 ஜூன், ஞாயிறு

மொலேஃபி,

இருக்கிறேன்.

உன் கடிதம் நேற்றுக் காலை வந்தது. அந்த அம்மா நடந்தே வந்திருக்கிறாள். வெறும் வயிற்றோடு அனுப்பவில்லை. அவள் போன பிறகுதான் கடிதத்தைப் படித்தேன்.

வெள்ளிக்கிழமை இருட்டியதும் கொன்காவைக் கொண்டுபோனேன். நீ எழுதினதுபோலவே புகை அடங்கும்வரை வெளியே வைத்திருந்துதான் கொண்டுபோனேன், நான் ஒன்றும் தெரியாதவள் இல்லை என்று பெருமையாகவும் இருந்தது. கதவை அடைத்தேன். பாடினேன். கொஞ்ச நேரத்தில் தலை வலித்தது. பசி என்று நினைத்தேன். அப்புறம் தூக்கம் சொக்கியது. உன் கட்டிலில் சுவரோரம் சாய்ந்தேன். அங்கே பலகைக்கும் பலகைக்கும் நடுவில் இருக்கிற இடுக்கு வழியாகக் காற்று கத்திபோல் என் கழுத்தில் அடித்தது. தூங்கவே விடவில்லை. "இதென்னடா சனியன்"னு திட்டிக்கொண்டே வீட்டிலிருந்து துணி கொண்டுவந்து அதை அடைக்கலாம் என்று எழுந்தேன். வாசலைத் தாண்டியதும் முழங்கால் மடங்கிவிட்டது. முற்றத்து மண்ணில் விழுந்து வாந்தி எடுத்தேன். நட்சத்திரம் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. ஆப்ரஹாம் வந்து தூக்கி உட்காரவைத்தான். கொன்காவை அவன்தான் வெளியே இழுத்துப் போட்டான்.

அந்த இடுக்கை மட்டும் முன்னாலேயே அடைத்திருந்தேன் என்றால் இந்தக் கடிதம் உனக்கு வந்திருக்காது. அதை நினைத்துக்கொண்டே இருக்கிறேன், ஆனால் அதைப் பற்றி இன்றைக்கு எழுதத் தெம்பில்லை.

நேற்றிலிருந்து லெசெடி என் சமையலறையில், தலையணை உறைக்குள், மீன் கடைப் பெட்டியில் இருக்கிறாள். பாட்டில் மாற்றிக்கொண்டே இருந்தேன். இன்று காலை வெந்நீர் ஆறிப்போய் கேஸும் தீர்ந்தபோது ஒரு வேலை செய்தேன். உறையோடு எடுத்துச் சபை அங்கிக்குள், வயிற்றோடு அணைத்துக்கொண்டு படுத்தேன். உள்ளே மெதுவாக நகர்ந்தாள். பிள்ளை வயிற்றில் அசைவதுபோல இருந்தது. எனக்குப் பிள்ளை இல்லை, ஆனாலும் இப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது. இதைச் சபையில் யாரிடமும் சொல்லப்போவதில்லை, நீயும் சொல்லாதே.

மத்தியானம் எலி இரண்டையும் கக்கிவிட்டாள். நாற்றம் தாங்கவில்லை. ஆனால் உயிரோடு இருக்கிறாள். நாக்கை நீட்டுகிறாள். இனி என்ன செய்ய?

ஹெஸ்டர்


நான்காம் வார்டு
25 ஜூன்

அன்புள்ள ஆன்ட்டி ஹெஸ்டர்,

"இருக்கிறேன்" என்ற ஒரு வார்த்தைக்கு மேல் முதலில் படிக்க முடியவில்லை. ஜப்பியை நிற்கச் சொல்லிவிட்டு வராந்தாவில் போய் நின்றேன்.

கக்கியது நல்லது. இரண்டு வாரத்துக்கு எதுவும் கொடுக்க வேண்டாம், எப்படிப் பார்த்தாலும் கொடுக்க வேண்டாம். தண்ணீர் மட்டும். கரண்ட் வந்ததும் பழையபடி பாய். வயிறு காலியாக இருப்பதால் இனி கொஞ்சம் குளிர்ந்தாலும் பயமில்லை. வயிற்றில் ஒன்றும் இல்லாதவரை அவள் குளிரைத் தூங்கியே கழித்துவிடுவாள்.

இனி இது உங்கள் பாடாக இருக்காது. சளிப் பரிசோதனை வந்தது, இன்னும் கிருமி இருக்கிறது. இன்னும் மூன்று மாதம் ஆகலாம், நான்கும் ஆகலாம் என்கிறார் டாக்டர். என் பக்கத்துக் கட்டில் காலியாகிவிட்டது, அந்த ஆள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகவில்லை, வேறு மாதிரி போனார். எனக்கு அலுத்துவிட்டது. நான் இங்கே மாத்திரை விழுங்கிக்கொண்டு படுத்திருக்க, அங்கே என் வேலையைச் செய்யப்போய் நீங்கள் முற்றத்தில் விழுந்து கிடந்திருக்கிறீர்கள். இது நியாயமில்லை.

திங்கட்கிழமை கையெழுத்துப் போடுகிறேன். மினிபஸ்ஸில் ஏறமாட்டேன், உங்கள் பேச்சு ஞாபகம் இருக்கிறது. ஜப்பியின் வண்டியில் பின்னால் அழுக்குத் துணியோடு உட்கார்ந்து வருகிறேன். அறையில் ஜன்னலைத் திறந்துவைத்துத் தனியாக இருப்பேன், உங்கள் பக்கம் வரமாட்டேன். மாத்திரையைக் கிளினிக்கில் வாங்கிப் பார்க்கிறேன். பாம்புக்கு ஒரு இடம் கிடைத்ததும் அறையைக் காலி செய்துவிடுகிறேன், டீச்சரிடம் சொல்லிவிடுங்கள்.

செய்ததற்கெல்லாம் நன்றி.

மொலேஃபி


ஹைடெடல்
27 ஜூன்

மொலேஃபி,

எந்த அறைக்கு வருகிறாய்?

கரண்ட் செவ்வாய்க்கிழமை வந்தது. பெட்டியை என் சமையலறையிலேயே வைத்துவிட்டேன், லெசெடி சுகமாக இருக்கிறாள், அவள் பேச்சு முடிந்தது. இப்போது உன் பேச்சு.

அந்த இடுக்கைப் பார்க்கப் பகலில் போனேன். ஒன்று இல்லை. சுவர் முழுக்க இருக்கிறது. சிலவற்றில் நீ செய்தித்தாளைச் சுருட்டி அடைத்திருக்கிறாய், அது நனைந்து காய்ந்து கல்லாகியிருக்கிறது. கட்டிலில் ஒரே ஒரு கம்பளி. சூட்டுப் பாய், கட்டுப்பாட்டுப் பெட்டி, வெப்பமானி எல்லாம் பாம்புக்கு. உனக்கு என்று சூடான பொருள் ஒன்றுகூட அந்த அறையில் இல்லை. புதன்கிழமை காலையில் அந்த வெப்பமானியை எடுத்து உன் தலைமாட்டில் வைத்தேன். எதற்கு வைத்தேன் என்று எனக்கே தெரியாது. கெட்டில் கொதித்ததும் போய்ப் பார்த்தேன். நான்கு.

அவளுக்கு இருபத்தெட்டு. உனக்கு நான்கு.

நான்கு குளிர்காலம் அதில் படுத்திருக்கிறாய். ஒவ்வொரு வருடமும் வேலிப்பக்கம் நின்று கேட்டேன், "உள்ள எப்படி இருக்கு மொலேஃபி, குளிருதா?" ஒவ்வொரு வருடமும் தொப்பியைத் தொட்டுக்கொண்டு சொன்னாய், "நல்லா இருக்கு ஆன்ட்டி." அந்தச் சுவர் யாருடையது, அதைப் பார்க்க வேண்டியது யார் என்று எனக்குத் தெரியும். என் பங்கை நான் ஆண்டவரிடம் பேசிக்கொள்கிறேன். உன் பங்கை உன்னிடம் கேட்கிறேன். ஒரு பாம்பு எங்கே படுக்கும், எப்போது நகரும், எவ்வளவு தாங்கும் என்று பக்கம் பக்கமாக எழுதத் தெரிந்த மனுஷனுக்கு, எனக்குக் குளிருகிறது என்று ஒரு வரி சொல்ல வாய் வரவில்லையா? சொன்னால் அறையை விட்டுத் துரத்திவிடுவேன் என்று பயந்தாயா? துரத்தியிருப்பேனா? தெரியாது. அதையும் நினைத்துப் பார்த்தேன், எனக்குத் தூக்கம் போய்விட்டது.

குளிரால்தான் இந்த நோய் வந்ததா என்று ஜப்பியை விட்டு நர்ஸிடம் கேட்டேன். இல்லையாம், கிருமியால்தானாம். அதனால் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. முழுசாக வரவில்லை.

டீச்சரிடம் இல்லை என்று சொல்லிவிட்டேன். ஆப்ரஹாமும் ஜப்பியும் நேற்று அந்தச் சுவரின் உள்பக்கத்தைப் பிரித்துப் போட்டுவிட்டார்கள். தெர்மாகோல் வைத்து அதன்மேல் பலகை அடிக்க வேண்டும். ஜன்னலை மட்டும் பெரிதாக்கச் சொல்லியிருக்கிறேன், உனக்குக் காற்றும் வேண்டுமாமே. காற்றும் வேண்டும், கதகதப்பும் வேண்டும் என்றால் பாம்பை விட உனக்குத்தான் மின்சாரம் அதிகம் இழுக்கும், இழுக்கட்டும். ஆகவே இப்போது இங்கே அறை என்று ஒன்று கிடையாது. நான்கு கம்பமும் கூரையும்தான். திங்கட்கிழமை நீ வந்தால் நான் கேட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பேன். டாக்டர் போகலாம் என்று சொல்லும் நாளில் வா, அதற்கு எத்தனை மாதமானாலும் சரி.

கையெழுத்துப் போடாதே, பூட்டி, என் தம்பி. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். எனக்கு இன்னொரு குடித்தனக்காரன் வேண்டாம்.

ஹெஸ்டர்


நான்காம் வார்டு
30 ஜூன்

அன்புள்ள ஆன்ட்டி ஹெஸ்டர்,

திங்கட்கிழமை வந்தது, போனது. நான் எங்கேயும் போகவில்லை.

உங்கள் கடிதத்தைச் சனிக்கிழமையிலிருந்து சட்டைப் பைக்குள்ளேயே வைத்திருக்கிறேன். நீங்கள் கேட்டதற்குப் பதில் யோசித்துப் பார்த்தேன். பயம்தான். அறைக்காக மட்டும் இல்லை. காவல்காரன் குளிருது என்று சொன்னால் வேறு ஆளைப் போடுவார்கள், பதினேழு வருடம் அப்படியே பழகிவிட்டது. அப்புறம் யாராவது கேட்டாலும் வாய் தானாக நல்லா இருக்கு என்றுதான் சொல்லும்.

நேற்று ராத்திரி சிஸ்டர் மாத்திரை கொண்டுவந்தார். விழுங்கிவிட்டு, "சிஸ்டர், எனக்குக் குளிருது"ன்னு சொன்னேன். என் குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"ரெண்டு மாசமா இந்த ஜன்னல் பக்கத்துல படுத்திருக்கீங்க. இன்னிக்குத்தான் குளிருதா?"

"இல்ல சிஸ்டர். வந்த நாள்லேர்ந்து."

அவர் போய் இரண்டு கம்பளி கொண்டுவந்தார். ஒன்றை மேலே போர்த்தினார், இன்னொன்றைக் கால்மாட்டில் செருகினார். கிளம்பப் போனவர் வாசலில் நின்றார். திரும்பி, விளக்கைப் போட்டு, வார்டைப் பார்த்துக் கேட்டார், "வேற யாருக்கெல்லாம் குளிருது?"

எல்லாக் கையும் உயர்ந்தது.

மொலேஃபி